மழைச் சத்தமும் மனப் பயமும்

(நலன்புரி நிலையங்களிலிருந்து வீடு திரும்பும் தோட்டக் குடும்பங்களுடனான சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் சிலர் வீட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். சிலர் இன்னும் சில நாட்களில் திரும்பப் போகிறீர்கள். கூரைத் தகடு, சமையல் பாத்திரம், காணாமல் போன அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலை அனுமதி பற்றியெல்லாம் இந்தக் கைநூலின் மற்றப் பக்கங்களில் இருக்கிறது. நான் பேச வந்தது எந்தப் படிவத்திலும் எழுத இடம் இல்லாத ஒரு விஷயம். அது பயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியர் அல்ல. கலைப்பிரிவில் படித்தவன். லயத்தில் பிறந்து வளர்ந்தவன். மனநல வைத்தியர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் என் வேலை.

பதிவு வேலை நடந்தபோது ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, வீடு நல்லா இருக்குனு ஆபிசர்மார் சொல்லிட்டாங்க. ஆனா மழ பேஞ்சா என்னால அங்க படுக்க ஏலாது. இத வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்றார். அன்று மாலைக்குள் இன்னும் பலர் ஏறக்குறைய அதையே என்னிடம் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

பயம் நமக்குக் காவல்

பயம் வரும்போது நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, மூச்சு வேகமாகிறது, கால் ஓடத் துடிக்கிறது. ஆபத்திலிருந்து தப்புவதற்காக உடம்பு செய்யும் ஆயத்தம் இது. இது இல்லாத மனிதன் ரொம்ப நாள் வாழமாட்டான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அந்த மலையைப் பார்த்து அன்று பயந்தவர்களுக்கு எந்த நோயும் இல்லை. அவர்கள் பயந்தது சரி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, கண்டி, பதுளை மலைகளில் மண் சரிந்ததை நாமே பார்த்தோம். அந்த இரவுகளில் நடுங்கியதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

குளவிக் கூடு இருக்கிற மலையில் கொழுந்து எடுக்க மறுப்பதும் அப்படித்தான். குளவி கொட்டி உயிர் போன செய்தியை நாம் வருடா வருடம் கேட்கிறோம். அது நியாயமான பயம்.

அப்படியானால் எந்தப் பயத்துக்கு வைத்தியம் தேவை?

எது சாதாரணப் பயம், எது போபியா

குறிப்பிட்ட ஒரு பொருள், விலங்கு, இடம் அல்லது நிலைமை மீது வருகிற அதீத பயத்தை வைத்தியர்கள் போபியா என்கிறார்கள். அதை அடையாளம் காண அவர்கள் பார்ப்பது இவற்றை:

• பயப்படும் பொருளைக் கண்டதும் அல்லது நினைத்ததும் உடனே பயம் வருகிறது.
• உண்மையான ஆபத்தின் அளவைவிடப் பயம் பல மடங்கு பெரிதாக இருக்கிறது.
• அதைத் தவிர்க்க எதையும் செய்கிறோம். தவிர்க்க முடியாவிட்டால் பெரும் வேதனையோடு தாங்குகிறோம்.
• அதனால் வேலை, படிப்பு, தூக்கம், குடும்ப வாழ்க்கை கெடுகிறது.
• இது 6 மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்கிறது.

கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். அனர்த்தம் நடந்து சில வாரங்கள் மழைக்குப் பயப்படுவது இயல்பு. பெரும்பாலானோருக்கு அது தானாகவே குறையும். குறையாமல் நின்று வாழ்க்கையை முடக்கினால்தான் அது வேறு விஷயம். ஆனால் 6 மாதம் ஆகட்டும் என்று கைகட்டி இருக்கவும் வேண்டாம். நான் பின்னால் சொல்லப்போகும் வழிகளை முன்கூட்டியே தொடங்கினால் பயம் வேரூன்றாது.

இப்படிப்பட்ட பயங்களைப் பொதுவாக ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். முதலாவது நாய், பாம்பு, அட்டை, பூச்சி போன்ற உயிர்கள். இரண்டாவது இடி, மழை, உயரம், ஆறு போன்ற இயற்கை. மூன்றாவது இரத்தம், ஊசி, காயம். நான்காவது மூடிய அறை, பஸ், பாலம் போன்ற நிலைமைகள். மற்றவை எல்லாம் ஐந்தாவது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படியான போபியா வருவது 100 பேரில் சுமார் 7 பேருக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஒரு டிவிசனில் 500 பேர் இருந்தால் சுமார் 35 பேர் என்று கணக்குப் பண்ணுங்கள். "எனக்கு மட்டும்தான்" என்பது உண்மை இல்லை.

பயம் எப்படி வருகிறது

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். சொந்த அனுபவம்தான் முதல் வழி. 1920இல் அமெரிக்காவில் ஜோன் வாட்சன் என்பவர் ஒரு சோதனை செய்தார். ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டினார். குழந்தை பயப்படவில்லை. பிறகு எலியைக் காட்டும்போதெல்லாம் குழந்தைக்குப் பின்னால் இரும்புக் கம்பியில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளுக்குள் குழந்தை எலியைக் கண்டாலே அழத் தொடங்கியது. முயலைக் கண்டும் அழுதது. இன்று இப்படியொரு சோதனைக்கு யாரும் அனுமதி கொடுக்க மாட்டார்கள். ஆனால் அது காட்டிய உண்மை நமக்குத் தேவை. பயங்கரமான ஒன்றோடு சேர்ந்து வந்த சாதாரணப் பொருளும் பயங்கரமாகிவிடுகிறது.

நம் கதையும் அதுதான். மலை சரிந்த அன்று மழை பெய்தது. தகரத்தில் சத்தம் கேட்டது. கரண்ட் இல்லை. இன்று மழையும் தகரச் சத்தமும் இருட்டும் தனித்தனியாக வந்தாலும் உடம்பு அன்றைய தினம் என்று நினைத்துக்கொள்கிறது. கொழுந்து லொறி மேடு ஏறும் உறுமலுக்குக்கூடச் சிலர் எழுந்து ஓடுகிறார்கள்.

இரண்டாவது வழி, பார்த்துப் பழகுவது. ஆய்வுகூடத்தில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு பயப்படவில்லை. காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்த பிறகு அவையும் பயப்படத் தொடங்கின. 1980களில் சூசன் மினேக்கா என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார். அம்மா மழைக்குக் காதைப் பொத்தினால் பிள்ளையும் பொத்தும்.

மூன்றாவது, கேட்டுப் பயப்படுவது. அன்று ஊரிலேயே இல்லாதவர்கள்கூட, போனில் வந்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து நடுங்குகிறார்கள். இவற்றோடு, சிலர் பிறப்பிலேயே கொஞ்சம் பதற்ற சுபாவம் உள்ளவர்கள். அது குடும்ப வழியாகவும் வரலாம். யாருடைய குற்றமும் இல்லை.

பயத்துக்குச் சோறு போடுவது எது

இனி நான் சொல்லப்போவதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். பயத்தை வளர்ப்பது தவிர்ப்பது.

மழை தூறுகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடுகிறோம். அங்கே போனதும் "அப்பாடா" என்று நெஞ்சு ஆறுகிறது. அந்த ஆறுதல்தான் கெடுதல் செய்கிறது. "ஓடியதால்தான் தப்பினோம்" என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. நாம் ஓடாமல் இருந்திருந்தாலும் அந்தத் தூறலில் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை மூளை தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை. அடுத்த தடவை கறுத்த மேகத்தைக் கண்டாலே கால் ஓடும்.

காதில் துணி அடைத்துக்கொள்வது, இரவெல்லாம் லைட்டைப் போட்டு உட்கார்ந்திருப்பது, கசிப்பு குடித்துவிட்டுப் படுப்பது எல்லாம் வேறு வடிவத்தில் ஓடுவதுதான். குடித்தவர் தூங்குவார், பயம் தூங்காது. அதோடு, உண்மையான எச்சரிக்கை வரும் இரவில் குடித்தவரைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும்.

படிப்படியாக நெருங்குவது

தவிர்ப்பது பயத்தை வளர்த்தால், நெருங்குவது குறைக்க வேண்டும். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் ஆய்வாளர் முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்கு உதவியதைப் பற்றி எழுதினார். அவன் விருப்பமானதைச் சாப்பிடும்போது முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்தார்கள். பிறகு சிறிது சிறிதாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் முயலைத் தடவினான். போபியாவுக்கு இன்று உலகம் முழுவதும் முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை இந்த வழியில் வளர்ந்ததுதான். மாத்திரை இதில் முதல் மருந்து அல்ல.

மழைக்குப் பயப்படும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். ஒரு கொப்பியில் அவர் பயத்துக்கு 0 முதல் 10 வரை புள்ளி போட்டு, குறைந்ததிலிருந்து கூடியது வரை எழுதுகிறார்.

1. பகலில், வெயில் நேரத்தில், போனில் மழைச் சத்தத்தைக் கேட்பது — 3 புள்ளி
2. தூறலில் இஸ்தோப்பில் நின்று மழையைப் பார்ப்பது — 4
3. குடை பிடித்துக்கொண்டு பைப்படிக்குப் போய் வருவது — 5
4. பகல் மழையில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பது — 6
5. இரவு மழையில் துணையோடு விழித்திருப்பது — 8
6. இரவு மழையில் விளக்கை அணைத்துப் படுப்பது — 9

முதல் படியில் தொடங்குகிறார். பயம் ஏறும். ஏறட்டும். ஓடாமல் அங்கேயே இருந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் பயம் தானாக இறங்கத் தொடங்கும். மேடு ஏறினால் பள்ளம் வரத்தான் வேண்டும். பாதியாவது இறங்கிய பிறகே எழுந்து வர வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் அதே படியைத் திரும்பச் செய்கிறார். 3 என்பது 1 ஆனதும் அடுத்த படி. ஒரு படி பெரிதாகத் தெரிந்தால் அதை இரண்டாக உடைக்கலாம்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இதுக்கெல்லாம் பயமா?" என்று கேலி செய்யாதீர்கள். பிடித்து இழுத்து மழையில் நிறுத்தாதீர்கள். எந்தப் படி, எப்போது என்பதைப் பயப்படுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் கூட இருந்தால் போதும்.

கோயிலில் திருநீறு போடுவதும் கயிறு கட்டுவதும் மனதுக்குத் தைரியம் தருமென்றால் செய்யுங்கள். அதோடு படியையும் ஏறுங்கள்.

பயிற்சி வேறு, எச்சரிக்கை வேறு

மற்ற ஊர்களில் இந்தப் பேச்சை இங்கேயே முடித்திருப்பேன். மலையில் வாழும் நமக்கு முடிக்க முடியாது. "மழைக்குப் பயப்படாதே" என்று சொல்லிவிட்டு, மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவிலும் நீங்கள் தைரியமாகப் படுத்திருந்தால் இந்தப் பேச்சு உங்களைக் கொன்றுவிடும்.

அதனால் தீர்மானத்தைப் பயத்திடம் விடாமல் அளவிடம் விடுவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக இருங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம் என்பது பொதுவான அளவு. ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேற வேண்டும்.

மழைமானி இல்லாவிட்டால், அடியும் வாயும் ஒரே அகலமான நேரான தகர டின்னைத் திறந்த வெளியில் வைத்து, சேர்ந்த தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளக்கலாம். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர். இது அக்கம்பக்கத்தில் விழிப்பாக இருப்பதற்குத்தான். உத்தியோகபூர்வ அறிவித்தல்தான் முதன்மை. மழை அளவு எதுவாக இருந்தாலும், நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனக் கலங்கலாக வரும் ஊற்று, திடீரென நின்றுபோகும் ஊற்று, இறுகிப்போகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் அறிவித்தலுக்காகக் காத்திருக்காமல் விலகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

ஆகவே நம் விதி இது. எச்சரிக்கை இல்லாத நாளில் பயிற்சி. எச்சரிக்கை உள்ள நாளில் பயிற்சி இல்லை, சொன்னபடி வெளியேறுவது. வீட்டுக்குத் திரும்பலாம் என்று அந்த நிறுவனத்தின் பரிசோதனை அறிக்கை வராத வீட்டில் பயிற்சியே இல்லை. அங்கே வரும் பயம் நியாயமான பயம்.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. டின்னில் 10 மில்லிமீற்றர்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும்போது நெஞ்சு படபடப்பும் கொஞ்சம் அடங்கும். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடிப்போய்ப் பார்த்தால் அதுவும் ஒரு நோயாகிவிடும். நேரம் குறித்து, உதாரணமாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவில் முறை போட்டு ஒரு லயத்துக்கு ஒருவர் பார்த்தால் மற்றவர்கள் தூங்கலாம்.

பிள்ளைகள்

பிள்ளைகள் பயத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். வயிற்றுவலி என்பார்கள், பாடசாலைக்குப் போக மறுப்பார்கள், படுக்கையில் சிறுநீர் கழிப்பார்கள், அம்மாவின் சேலையை விடமாட்டார்கள். அடிக்காதீர்கள். "ஒண்ணும் நடக்காது" என்று பொய்யும் சொல்லாதீர்கள். அவர்கள் நடந்ததைப் பார்த்தவர்கள். "மழை பெய்யுது, டின்ல இவ்வளவுதான் இருக்கு, கூடினா நாம எல்லாரும் சேர்ந்து ஸ்கூலுக்குப் போயிருவோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். வெளியேறும் பாதையை வெயில் நாளில் விளையாட்டாக ஒரு தடவை நடந்து காட்டுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணச் சொல்லுங்கள். மூன்று செக்கன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். எண்ணும் பிள்ளை அழாது. ஆனால் எண்ணுவது வீட்டுக்குள் இருந்துதான்.

ஊசியும் இரத்தமும்

இந்த ஒரு பயத்துக்கு மட்டும் வேறு வழி. மற்றப் பயங்களில் இரத்த அழுத்தம் ஏறும். ஊசி, இரத்தப் பயத்தில் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கும். அதனால்தான் சிலர் மயங்கி விழுகிறார்கள். நானும் பல்கலைக்கழகத்தில் இரத்ததான முகாமில் வரிசையில் நின்றபடியே விழுந்தவன்.

இதற்கு சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் ஓஸ்ட் என்ற உளவியலாளர் வகுத்த ஒரு எளிய பயிற்சி உண்டு. கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும்வரை 10 முதல் 15 செக்கன் இறுக்குங்கள். பிறகு 20 முதல் 30 செக்கன் சாதாரண நிலைக்கு விடுங்கள். இப்படி ஐந்து தடவை. வீட்டில் பழகிவிட்டு, ஊசி போடும் இடத்தில் செய்யுங்கள். ஊசி ஏறும் கையை மட்டும் தளர்த்தி வையுங்கள். மயக்கம் வரும் என்று தாதியிடம் முன்கூட்டியே சொல்லிப் படுத்துக்கொண்டு போடச் சொல்லலாம். ஊசிப் பயத்தால் கர்ப்பிணித் தாய் கிளினிக்கைத் தவறவிடுவதும், நாய் கடித்தவர் தடுப்பூசி போடாமல் இருப்பதும் உயிருக்கு ஆபத்து. அதனால் இதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள்.

எப்போது, யாரிடம் போவது

சிலர் இந்தப் படிகளைத் தனியாக ஏறக்கூடாது. மண்ணுக்குள் அகப்பட்டு மீண்டவர்கள், வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள், அன்று நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வருபவர்கள், கெட்ட கனவில் அலறி எழுபவர்கள், எதிலும் உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போனவர்கள். இது ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் போபியாவைவிட வேறான பாதிப்பாக இருக்கலாம். அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு, ஆனால் வைத்தியரின் துணையோடு. இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

உங்கள் தோட்ட வைத்திய அதிகாரியிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லித் தொடங்கலாம். நுவரெலியா பொது வைத்தியசாலை, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். "பயத்தால் வேலைக்குப் போக முடியவில்லை" என்று நேரடியாகச் சொல்லுங்கள்; "தலைவலி" என்று சொன்னால் தலைவலி மாத்திரைதான் கிடைக்கும். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டாம். அப்போதே அந்த இலக்கத்துக்கு அழையுங்கள், அப்போதே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவசர அம்பியுலன்சுக்கு 1990.

முடிக்கிறேன். அந்த அம்மாவுக்கு அன்று நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். யாரும் சிரிக்க மாட்டார்கள், அம்மா. இந்த மலையில் மழைக்குப் பயப்படாத ஆள் இல்லை. இந்த வாரம் ஒரு கொப்பி எடுங்கள், ஒரு டின்னை வெளியில் வையுங்கள், முதல் படியை மட்டும் ஏறுங்கள். டின் நிறைந்தால் எல்லோரும் ஒன்றாகப் போவோம். நிறையாத இரவுகளில் தூங்கப் பழகுவோம்.